நெஞ்சு எக்ஸ்ரே சர்வே: குவாரி, கிரஷர், பாலிஷ் பட்டறை ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று பார்க்கும் சர்வேக்காக, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வண்டியில் நான் டெக்னீஷியன். பர்கூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, தளி என்று வண்டி எங்கே நின்றாலும் வரிசையில் நிற்கிறவர்கள் கேட்பது ஏறக்குறைய இவைதான். அவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மருத்துவச் சங்கதிகளை எங்கள் டாக்டர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். முதலிலிருந்தே படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

எக்ஸ்ரேல தூசி தெரியுமா சார்?

கல் தூசி தெரியாது. தூசி பண்ணிவிட்டுப் போன வேலைதான் தெரியும். கண்ணில் படுகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது சில மைக்ரான் அளவே உள்ள பொடி. அதில் இருக்கிற சிலிக்கா என்ற கல் தாதுவை உடம்பால் கரைக்க முடியாது. அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. அந்த முடிச்சுகள் பெருகிய பிறகு, இரண்டு நுரையீரலிலும், முக்கியமாக மேல் பகுதியில், சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் தெரியும். சிலிகோசிஸ் என்பது இதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஓசூர்ப் பக்கம் வெல்டிங் வேலை செய்கிற சிலருக்கும் படத்தில் புள்ளிகள் வரும். அங்கே தெரிவது நுரையீரலில் தங்கிய இரும்பேதான். தழும்பு அதிகம் இருக்காது, வேலையை விட்டால் புள்ளிகள் குறைவதும் உண்டு. படம் ஒரே மாதிரி இருந்தாலும் நோய் வேறு. பெயரைக் கேட்கும் முன்பே “என்ன வேலை பார்த்தீங்க?” என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

சட்டையைக் கழட்டு, தாயத்தைக் கழட்டு, ஜடையைத் தூக்கிக் கட்டுனு இவ்ளோ எதுக்கு?

பின்னிய ஜடை தோளில் விழுந்து கிடந்தால் நுரையீரலின் மேல் பகுதியில் நிழலாக விழும். மேலே சொன்ன புள்ளிகள் வருகிற இடமும் அதேதான். தாயத்து, சங்கிலி, சட்டைப் பித்தான் எல்லாம் அப்படியே. கிரஷரில் கூடை தூக்கும் அக்காமார் ஜடையைக் கொண்டையாக மேலே முடிந்துகொண்டால் எனக்கு ஒரு படம் மிச்சம்.

நெஞ்சைப் பலகையில் ஒட்டி, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளச் சொல்வது முதுகுப் பட்டை எலும்பு நுரையீரல்மேல் விழாமல் இருக்க. அப்புறம் “மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்க” என்பது வெறும் சடங்கில்லை. பாதி மூச்சில் எடுத்த படத்தில் நுரையீரல் சுருங்கி, இல்லாத புள்ளியும் இருப்பது போலத் தெரியும். கதிர் அதிகமாகிப் படம் கறுத்துவிட்டால் இருக்கிற புள்ளியும் மறைந்துவிடும். இருமல் வந்தால் சொல்லுங்கள், அடங்கும்வரை காத்திருந்து எடுக்கிறோம். ஒருவருக்கு இப்படி ஆனால் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு குவாரி முழுக்க இப்படி எடுத்துவிட்டால் அந்தக் குவாரியைப் பற்றிய முடிவே தப்பாகப் போய்விடும்.

கதிர் உடம்புக்குக் கெடுதல்தானே?

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடம்பு வாங்குவது சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண், பாறை, வானம், சாப்பாடு வழியாக ஒரு மனிதருக்கு இயற்கையாகவே வருடத்துக்குக் கிடைக்கும் கதிர், உலக சராசரியில் சுமார் 2.4 மில்லிசீவர்ட். அப்படியென்றால் இந்தப் படம் சில நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலே சொல்லிவிடுங்கள். சர்வேக்காக அவர்களுக்கு எடுப்பதில்லை.

எங்களுது கருங்கல்லு. அதுக்கும் இந்த நோய் வருமா?

நல்ல கேள்வி. அதிகாரிகள்கூட இதைக் கேட்பது அபூர்வம். வியாபாரத்தில் எல்லாவற்றையும் கிரானைட் என்றுதான் சொல்கிறோம். கல்லுக்குக் கல் சிலிக்கா மாறும். நிஜமான கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும், அதாவது படிகச் சிலிக்கா. கிருஷ்ணகிரி பாரடைசோ என்று ஏற்றுமதியாகிறதே, ஊதாவும் ரோஸுமாக அலையலையாக ஓடும் கல், அதிலும் குவார்ட்ஸ் தாராளம். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நீளநீளமாக ஓடும் கறுப்புக் கல் டோலரைட் என்ற வேறு சாதி. அதில் குவார்ட்ஸ் ரொம்பக் குறைவு.

அதற்காகக் கருங்கல் ஆட்களுக்குப் பயமில்லை என்று எழுதிவிட மாட்டேன். ஒரே ஆள் வாழ்நாள் முழுக்க ஒரே கல்லில் வேலை பார்ப்பதில்லை. இரண்டு வருடம் கறுப்பு, நான்கு வருடம் பாரடைசோ, நடுவில் ஜல்லி கிரஷர் என்று போகும். எங்கள் படிவத்தில் கல்லின் பெயருக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததன் காரணம் இது. “கல் தொழிலாளி” என்று ஒரே வரியில் எழுதினால், குறைந்த ஆபத்தும் கூடிய ஆபத்தும் கலந்து இரண்டுமே தெரியாமல் போகும்.

எத்தனை வருஷம் வேலை செஞ்சா படத்துல தெரியும்?

வழக்கமான சிலிகோசிஸ் பத்து வருடத்துக்கு மேல் ஆகித்தான் தெரியவரும். தூசி கடுமையாக இருந்தால் ஐந்து முதல் பத்து வருடத்திலேயே வரும். மூடின இடத்தில், தண்ணீர் விடாமல் துளை போடுவது, காற்றழுத்தத்தில் மணல் அடிப்பது போன்ற வேலையில் சில மாதங்களிலேயே மோசமாவதும் உண்டு. அதில் புள்ளி புள்ளியாக வராமல் நுரையீரல் மூடுபனி போல வெளுத்திருக்கும்.

அதனால் சேர்ந்து இரண்டு வருடமே ஆன பையன்களுக்குப் படம் சுத்தமாக வந்தால் அதில் பெரிய சேதி ஒன்றுமில்லை. அவர்களிடம் தூசியைத்தான் அளக்க வேண்டும்.

ரிப்போர்ட்ல 1/0, பி/க்யூனு போட்டிருக்கு. அது என்ன கணக்கு?

ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வகைப்பாடு அது. 1930-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சிலிகோசிஸ் மாநாட்டில் வேர் பிடித்தது. பலமுறை திருத்தப்பட்டு, 2011-இல் டிஜிட்டல் படங்களையும் ஏற்றுக்கொண்டது. கடைசித் திருத்தம் 2022-இல். டாக்டர் பக்கத்தில் மாதிரிப் படங்களை வைத்துக்கொண்டு, உங்கள் படத்தை அவற்றோடு ஒப்பிட்டு எழுதுவார்.

எழுத்து புள்ளியின் அளவைச் சொல்கிறது. உருண்டைப் புள்ளி 1.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் பி. நம் ஊர்க் கேழ்வரகு மணியை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். 1.5 முதல் 3 வரை க்யூ, 3 முதல் 10 வரை ஆர். கோணல்மாணலான நிழல்களுக்கு எஸ், டி, யு. பி/க்யூ என்றால் அதிகம் இருப்பது பி, கூடவே க்யூவும் உண்டு. 10 மில்லிமீட்டரைத் தாண்டியது பெரிய நிழல், அதற்குத் தனிக் கணக்கு. அந்த நிலை வந்தவர்களைச் சர்வே முடியக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம்.

எண் புள்ளிகளின் அடர்த்தி. 0, 1, 2, 3 என்று நான்கு வகை. ஒவ்வொன்றிலும் மூன்று படி, மொத்தம் 12. 1/0 என்றால் டாக்டர் “இது 1” என்று முடிவு செய்தார், ஆனால் “0-ஆக இருக்குமோ” என்றும் தீவிரமாக யோசித்தார் என்று பொருள். 0/1 அதற்கு நேர் எதிர். சந்தேகத்தையும் சேர்த்தே எழுதிவைக்கிற முறை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

ஒரே படத்தை மூணு டாக்டர் மூணு மாதிரி சொல்றாங்க. யாரை நம்பறது?

இது உங்கள் டாக்டர்களின் குறை இல்லை. 1949-லேயே பிரிட்டனில் ஃப்ளெட்சர், ஓல்டாம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நிலக்கரித் தொழிலாளர் படங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அனுபவமுள்ள டாக்டர்களே ஒருவருக்கொருவர் மாறினார்கள். ஒரே டாக்டர் அதே படத்தை மறுபடி பார்த்தபோதும் மாறினார். 0-க்கும் 1-க்கும் நடுவில் கோடு எங்கே என்பதில்தான் சண்டை, 3-இல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அதனால் சர்வேயில் ஒரு படத்தைக் குறைந்தது இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாகப் படிப்பார்கள். ஒத்துவராவிட்டால் மூன்றாமவர். மூன்றில் நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவில் இப்படிப் படம் படிக்கிற டாக்டர்களுக்கென்று 1974 முதல் பி ரீடர் என்ற திட்டமே இருக்கிறது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வு எழுதித் தேற வேண்டும். இங்கே இந்த வகைப்பாட்டில் பயிற்சி எடுத்த டாக்டர்கள் குறைவு, அதனால் படங்கள் வெளியூர் போய் வரும். ரிசல்ட் தாமதமாகிறது என்று என்னைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

குவாரிப் பக்கமே போகாத விவசாயிங்களுக்கு எதுக்குப் படம் எடுக்கறீங்க?

வயசு ஏற ஏற, பீடி குடிக்கக் குடிக்க, கோணல் வகைச் சின்ன நிழல்கள் தூசியே இல்லாதவர்களுக்கும் வரும். விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். அதே ஊரில், அதே வயசில், கல் வேலைக்குப் போகாதவர்கள் படம் கையில் இருந்தால்தான் கல்லின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டு முழுவதும் குவாரி ஆட்கள் படம் என்று தெரிந்தால் படிக்கிற டாக்டரின் கண் தானாகவே புள்ளியைத் தேடும். விவசாயிகள் படத்தையும் கலந்து, பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு அனுப்பினால் அந்தச் சாய்வு குறையும்.

ஆறு மாசம் டிபி மாத்திரை சாப்பிட்டேன். நிழல் அப்படியே இருக்கே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும், கேட்கிறவர்மேல் இல்லை. டிபியும் மேல் பகுதியில்தான் அதிகம் வரும், சிலிகோசிஸும் அங்கேதான். என்ன வேலை என்று கேட்காமல் படத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் குழம்பும். சளியில் கிருமியே தெரியாதவருக்கு இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். சிலிகோசிஸ் தழும்பு எந்த மாத்திரைக்கும் கரையாது.

ஆனால் உஷார்: சிலிகோசிஸ் இருப்பவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் “எனக்குத் தூசி நோய்தான்” என்று நீங்களே முடிவு செய்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் வேலை விவரத்தையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

படம் நார்மல்னு வந்துச்சு. ஆனா மாடி ஏறினா மூச்சு வாங்குது?

நார்மல் படம் நார்மல் நுரையீரலுக்கு உத்தரவாதம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இறந்த தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை அறுத்துப் பார்த்து, உயிரோடு இருந்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். நோய் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட எக்ஸ்ரே அதைக் காட்டியிருக்கவில்லை.

தவிர, தூசி புள்ளியே போடாமல் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். அதை ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்தான் சொல்லும். வண்டியில் அந்த மிஷினும் இருக்கிறது, ஆனால் எக்ஸ்ரே முடிந்ததும் பாதிப் பேர் நைசாக நழுவிவிடுகிறார்கள். நழுவாதீர்கள்.

அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஓனரே செக்கப் பண்றாரே. இது வேற எதுக்கு?

2025 நவம்பரில், பல தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வரும்வரை குவாரி சுரங்கச் சட்டத்தில் வந்தது. அதன்கீழ் 1955-ஆம் ஆண்டு சுரங்க விதிகளின் 29பி, சேரும்போது ஒரு முறையும் பிறகு ஐந்து வருடத்துக்கு மிகாத இடைவெளியிலும் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தது. அது இந்த ஆள் இந்த வேலைக்குத் தகுதியா என்று பார்ப்பது. சர்வே கேட்பது வேறு: இந்தத் தூசி மனிதர்களை என்ன செய்கிறது, எந்த வேலையில் அதிகம், எத்தனை வருடத்தில். முதல் கேள்விக்கு உங்கள் ஒரு படம் போதும். இரண்டாவதற்கு எல்லோர் படமும் வேண்டும், பதிவேட்டில் பெயரே இல்லாத கான்ட்ராக்ட் ஆட்களுடையதும்.

எங்க குவாரியில எடுத்ததுல யாருக்கும் ஒண்ணும் இல்லேனு வந்துச்சு. அப்ப தூசி பிரச்சினை இல்லேதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அன்றைக்கு வரிசையில் நின்றது யார்? வேலைக்கு வர முடிகிறவர்கள். மூச்சு வாங்கி ஜாக்ஹாமர் பிடிக்க முடியாதவர் எப்போதோ நின்றிருப்பார். மேஸ்திரி அவரை வாட்ச்மேன் வேலைக்கு மாற்றியிருப்பார், இல்லையென்றால் அவர் ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் ரயிலேறிப் போயிருப்பார். நோயாளிகள் வெளியேறிய குவாரியில் படம் எடுத்தால் குவாரி ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

இன்னும் மோசம், நோய் வேலையை விட்ட பிறகும் வளரும். தென்னாப்பிரிக்காவில் 2,235 தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 313 பேருக்குப் படத்தில் சிலிகோசிஸ் தெரிந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, சரியாகச் சொன்னால் 57 சதவீதத்தினருக்கு, அது தெரிந்தது சுரங்கத்தை விட்ட பிறகு, சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் கழித்து. அவர்களையெல்லாம் வேலை வாசலில் நின்று எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இதைச் சரியாகச் செய்தவர் என்று ஆர்ச்சி காக்ரன் என்ற பிரிட்டிஷ் டாக்டரைச் சொல்வார்கள். 1950-களின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டு ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, சுரங்கத்தில் இருப்பவர், விட்டவர், போகவே போகாதவர் என்று ஆண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் படம் எடுக்க வைத்தார். எங்களுக்கு அது கனவு. மாங்காய் சீசனில் போனால் பாதி ஊர் தோப்பிலும் கூழ் ஃபேக்டரியிலும் இருக்கும். சந்தை நாளில் போனால் யாருமே இருக்க மாட்டார்கள். இருந்தாலும் குவாரி வாசலில் ஒரு நாள் நின்றால் ஊருக்குள் இரண்டு நாள் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. டீசல் கணக்கு பார்க்கிறவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

சி.டி. ஸ்கேன் எடுத்தா பளிச்சுனு தெரியுமாமே?

தெரியும். ஆஸ்திரேலியாவில் செயற்கைக் கல் பலகை அறுத்த இளைஞர்களுக்கு எக்ஸ்ரே நார்மலாக இருந்தும் சி.டி.யில் சிலிகோசிஸ் தெரிந்தது. அந்தக் கல்லில் பெரும்பகுதி சிலிக்கா, 2024 ஜூலை முதல் அங்கே அதற்குத் தடை. ஒருவருக்குச் சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர் சி.டி. எழுதுவார். ஆனால் ஊர் முழுக்க எடுப்பதென்றால் கதிரும் கூடுதல், செலவும் கூடுதல், மிஷினைச் சூளகிரி மலையடிவாரத்துக்குத் தூக்கிப் போகவும் முடியாது. அதோடு பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த கணக்கெல்லாம் எக்ஸ்ரேயில்தான் இருக்கிறது. அதோடு ஒப்பிட எக்ஸ்ரேதான் வேண்டும்.

படத்தை செல்போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பறேன், பார்த்துச் சொல்லுங்களேன்?

முடியாது. 1.5 மில்லிமீட்டர் புள்ளியை எண்ணுகிற வேலை இது. வாட்ஸ்அப் படத்தை நசுக்கிவிடும். அசல் ஃபைலை டிஸ்க்கில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏ.ஐ. சாஃப்ட்வேர் பற்றியும் கேட்கிறார்கள். டிபி முகாமில் வைத்திருப்பது டிபியைச் சலித்தெடுக்கப் பழக்கப்பட்டது. அது “கோளாறு இருக்கிறது” என்றால் நம்பி டாக்டரிடம் போங்கள். “இல்லை” என்றால் சிலிகோசிஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் ரிசல்ட் ஓனருக்குப் போகுமா? வேலையை விட்டுத் தூக்கிட்டா?

ஆராய்ச்சி சர்வேயில் உங்கள் பெயரோடு ரிசல்ட்டை உங்கள் சம்மதம் இல்லாமல் முதலாளிக்குத் தரக் கூடாது. கையெழுத்துப் போடும் தாளில் அது எழுதியிருக்கிறதா என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியே போவது கூட்டுக் கணக்குதான். எட்டே பேர் வேலை செய்யும் பட்டறையில் “இருவருக்கு” என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் சின்ன இடங்களைச் சேர்த்துத்தான் போட வேண்டும்.

டாக்டர் சிலிகோசிஸ் என்று உறுதி செய்தால் கதை வேறு. அது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். தொழிற்சாலைச் சட்டத்திலும் சுரங்கச் சட்டத்திலும் இருந்த விதி, 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அந்த அறிக்கை போவது ஆய்வாளர் அலுவலகத்துக்கு. இந்த வேறுபாட்டைப் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் கறார்.

இந்தச் சீட்டைக் காட்டினா நஷ்டஈடு கிடைக்குமா?

சீட்டை மட்டும் காட்டினால் கிடைக்காது. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் சிலிகோசிஸ் தொழில் நோய்ப் பட்டியலில் இருந்தது, 2025 நவம்பரில் அவற்றின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் முடிவு செய்ய டாக்டரின் நோயறிதல், எங்கே எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு ஆதாரம், உடல் பாதிப்பின் அளவு எல்லாம் வேண்டும். 1/0 என்பது, மேலே சொன்னது போல, சந்தேகத்தோடு எழுதப்பட்ட எண். அதைப் பிடித்துக்கொண்டு முறையான பரிசோதனைக்குப் போகலாம். வழக்கில் தடுமாறுவது பெரும்பாலும் படத்தால் இல்லை. வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததால்.

பக்கத்து மாவட்டத்துல ஒரு பர்சன்டேஜ் சொல்றாங்க, இங்க வேற சொல்றாங்க. எது நிஜம்?

இரண்டுமே நிஜமாக இருக்கலாம். ஒரு குழு 1/0-லிருந்து எண்ணியிருக்கும், இன்னொன்று 1/1-லிருந்து, அதாவது சந்தேகமில்லாத 1-லிருந்து. அதே நூறு படத்தில் முதல் முறையில் 12 பேர், இரண்டாவதில் 7 பேர் என்று வர வாய்ப்புண்டு. வயசு, கல்லின் வகை, பழைய ஆட்களைத் தேடிப் பிடித்தார்களா, எத்தனை பேர் படித்தார்கள் எல்லாமே எண்ணை ஏற்றும் இறக்கும்.

நான் சதவீதத்தை அதிகம் பார்ப்பதில்லை. தூசி அளவும் வருடமும் கூடக்கூட நோய் எப்படி ஏறுகிறது என்ற பக்கத்தைப் புரட்டுவேன். தண்ணீர் விட்டு அறுக்கிற பட்டறைக்கும் விடாத பட்டறைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். அந்தப் பக்கமே இல்லாத அறிக்கை என்றால் மூடி வைத்துவிடுவேன்.

அடுத்த தடவை வண்டி வந்தா என்ன எடுத்துட்டு வரணும்?

பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தால் கட்டாயம், எவ்வளவு பழசானாலும். நோய் ஏறுகிறதா நிற்கிறதா என்பதை இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். டிபி மாத்திரை அட்டை, சளி ரிப்போர்ட், இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அதுவும். எந்த வருடம் எந்தக் குவாரி, என்ன கல், துளை போட்டதா, கல்லைச் செதுக்கும் டிரஸ்ஸிங்கா, பாலிஷா என்று வீட்டிலேயே பிள்ளைகளை எழுதச் சொல்லிக் கொண்டுவாருங்கள், வரிசையில் நின்று யோசித்தால் பாதி மறந்துபோகும். உங்களோடு வேலை பார்த்து நின்றுபோனவர்களின் போன் நம்பர் இருந்தால் அதையும் கொடுங்கள், அவர்கள் வர முடியாவிட்டால் அவர்கள் ஊருக்கு வண்டியைத் திருப்ப முடியுமா என்று பார்க்கிறோம்.